நாலு பேருக்கு மேல் கூடாது

எங்கள் ஜில்லாவில் பாம்புக்குப் பயப்படாதவர்கள் உண்டு. போலீசுக்குப் பயப்படாதவர்கள் உண்டு. மாமியாருக்குப் பயப்படாத மருமகள்கூட ஒன்றிரண்டு பேர் இருப்பதாகக் கேள்வி. ஆனால் ஐந்தாவது ஆளுக்குப் பயப்படுகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் திருத்தங்கல்லில் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார்.

அவருக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர் உண்டு. எங்கள் தெருவுக்கு அவர் 'நாலுபேர்'. பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டாசுக்கு மருந்து செலுத்துகிற அறையில் ஒரே நேரத்தில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் விதி. மனிதர் கம்பெனியை விட்டு வந்தாரே தவிர விதியை விட்டு வரவில்லை. அவர் மனைவி இறந்தபோது காரியத்துக்கு வேனில் வந்திறங்கிய சொந்தக்காரர்களை நாலு நாலு பேராகத்தான் உள்ளே விட்டார். மற்றவர்கள் வெயிலில் வரிசையில் நின்று துக்கம் விசாரித்தார்கள்.

வாசலில் ஒரு பக்கம் தண்ணீர் வாளி, மறுபக்கம் மணல் வாளி. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, கழற்றி எறிந்துவிட்டார். "ஓட வேண்டிய நேரத்துல தாழ்ப்பாளத் தேடவா?" என்பார். நான் அப்போது சிவகாசியில் காலண்டர் அடிக்கிற பிரஸ் ஒன்றில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் எனக்கு அவர் வைத்த பெயர் புரூப்பு. ஆசையாக ஒரு நைலான் சேலை கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோனேன்.

"நில்லு புரூப்பு. அங்கனயே நில்லு. உரசுனா பொறி பறக்குற நைலானக் கட்டிக்கிட்டு என் வாசப்படி ஏறாத. பருத்தி கட்டிட்டு வா."

"அதிரசம்தான அண்ணாச்சி கொண்டு வந்துருக்கேன், அணுகுண்டா?"

"அதிரசம் இருக்கட்டும். நீ போ."

அதிரசத்தை மட்டும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை. அவருக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை.

உடம்பையும் அவர் கம்பெனி மாதிரிதான் நிர்வாகம் செய்தார். சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. "ரெண்டும் வேற வேற சரக்கு. ஒண்ணோட ஒண்ணு உரசப்படாது" என்பது அவர் கட்சி. சர்க்கரைக்கு முன்னறை, பிரஷருக்குப் பின்கட்டு. முன்னறையில் ஒன்றை விழுங்கிவிட்டு, வெளியே இறங்கி வீட்டைச் சுற்றி நடந்து பின்கட்டுக்குப் போய் மற்றதை விழுங்குவார். அந்த நடையில்தான் அவருக்குச் சர்க்கரை குறைந்தது என்று பக்கத்து வீட்டு ஈஸ்வரி அடித்துச் சொல்வாள்.

சிரித்துக்கொண்டே இருந்த நாங்கள் ஒரு நாள் சிரிப்பதை நிறுத்தினோம். அவர் இளவட்டமாக இருந்த காலத்தில், இவரோடு சேர்த்து நாலு பேர் வேலை பார்த்த அறைக்குள் ஐந்தாவதாக ஒருவர் வெற்றிலை கேட்டு நுழைந்திருக்கிறார். இவர் வெற்றிலைப் பையை எடுக்க வெளியே போன நேரத்தில் அறை வெடித்துப் போய்விட்டது. ஐந்தாவதாக நுழைந்தவர் இவருடைய கூட்டாளி. டீக்கடை மாரி இதை எங்களிடம் சொன்னான். அவர் தன் வாயால் ஒருபோதும் சொன்னதில்லை.

மனைவி போனபின் அவர் தனி ஆள். கோயம்புத்தூரில் பம்புசெட் கம்பெனியில் இன்ஜினீயராக இருந்த மகன் செல்வம் ஒரு நாள் வந்து உட்கார்ந்துவிட்டான். எதிர்வீட்டுக்காரி என்ற முறையில் நானும், பக்கத்து வீடு என்ற முறையில் ஈஸ்வரியும் பஞ்சாயத்துக்குப் போனோம். மொத்தம் நாலு பேர், விதிப்படி சரி.

"ஒத்தையில இருக்கீக. திடீர்னு ஏதாச்சும் ஒண்ணுன்னா யாருக்குப்பா தெரியும்? என்கூட வந்துருங்க."

"தெருவே இருக்குல்லடா."

"அப்ப தெனம் காலைல யாராச்சும் வந்து எட்டிப் பாக்கட்டும்."

"என்னய எண்ணிக்கை எடுக்கவா? நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்?"

"ஒரு செல்போனாவது வச்சுக்கங்க."

"அதுல பொறி வரும்."

செல்வம் தலையில் கை வைத்துக்கொண்டான். பெரியவர் தன் யோசனையைச் சொன்னார். தினமும் காலை ஆறு மணிக்கு வாசலில் ஒரு குருவி வெடி வெடிப்பார். ஒன்று கேட்டால் ஆள் நன்றாக இருக்கிறார். இரண்டு கேட்டால் ஓடி வர வேண்டும். ஒன்றுமே கேட்கவில்லை என்றால் கதை வேறு.

"அக்கா, ஒங்க வீட்டுலதான் போன் இருக்கு" என்று செல்வம் என் பக்கம் திரும்பினான். "ஒரே ஒரு நாள் சத்தம் கேக்கலைன்னாலும் எனக்கு அடிச்சிருங்க. அன்னைக்கே கார் எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போயிருவேன்."

"சரிடா. கேக்கலைன்னா வாரேன். அதுக்கு மேல பேச்சில்ல" என்றார் பெரியவர்.

மறுநாளிலிருந்து தெரு ஆறு மணிக்கு எழுந்தது. ஒரு பிரம்பின் நுனியில் ஊதுபத்தியைக் கட்டி, உடம்பை ஒரு முழம் பின்னால் வளைத்து, ஏதோ சிங்கத்துக்கு ஊசி போடுகிறவர் மாதிரி அந்தச் சுண்டுவிரல் வெடியைக் கொளுத்துவார். 'டப்' என்று ஒரு சத்தம். மாரி பாய்லரில் தண்ணீர் ஊற்றுவான். ஈஸ்வரி தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கம்பெனி வேனுக்கு ஓடுவாள். நான் மட்டும் ஆறு மணிக்கு முன்னாலேயே எழுந்துவிடுவேன். ஒரு மனிதரை அவர் வீட்டைவிட்டுக் கிளப்புகிற போன் என் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததே! சத்தம் வரும்வரை அதை முறைத்துக்கொண்டே காபி குடிப்பேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் ஆறு மணி ஆகியும் சத்தம் இல்லை. நான் எழுந்து போன் பக்கத்தில் நின்றேன். ஜன்னல் வழியே பார்த்தால், மனிதர் கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நமுத்துப்போன வெடியோடு போராடிக்கொண்டிருந்தார். திரி புகைந்து அணைந்தது. அணைந்த வெடிப் பக்கம் போகக் கூடாது என்பது விதி. தள்ளி நின்று இன்னொன்றை வைத்தார். அது 'டப்' என்றது. அவர் நிம்மதியாக மூச்சு விட்ட நேரத்தில் முதலாவதற்கும் ரோசம் வந்து 'டப்' என்றது.

இரண்டு!

ஈஸ்வரி கரண்டியோடு ஓடி வந்தாள். அவள் புருஷன் பாண்டி, லோடு வண்டி ஓட்டுகிறவன், சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான். மாரி கையில் வாளி. நான் போன வேகத்தில் ஒரு செருப்பு சாக்கடையில். கண்மூடித் திறப்பதற்குள் தெருவே அவர் முன்னறையில்.

"ஏலே! நாலு பேருக்கு மேல உள்ள வராதீக! வெளிய போங்கலே! போங்க!"

மாரி கொண்டுவந்த தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று அவர் மேலேயே ஊற்றிவிட்டான். அன்று எல்லோரையும் திட்டித் தீர்த்தார். ஆனால் நாங்கள் கலைந்தபிறகு, "எம்புட்டு வேகமா வந்துட்டீக!" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை நான் செருப்பைத் தேடும்போது கேட்டேன்.

இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்த எங்கள் மூளையை என்னவென்று சொல்வது! ஆபத்துக்கு அடையாளம் வெடிச்சத்தமாம். ஊர் எது? சிவகாசிப் பக்கம். தீபாவளி என்று ஒரு நாள் வரும் என்பது, அதை வைத்தே சோறு தின்கிற எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வருஷம் பூராவும் ஊருக்கெல்லாம் வெடி செய்து அனுப்புகிறவர்கள் தங்களுக்காக வெடிப்பது அந்த ஒரு நாள்தான். விடிவதற்கு முன்பே தெரு அதிர ஆரம்பித்துவிட்டது. வழக்கமாகத் தீபாவளி என்றால் நாலுபேர் பிரம்பும் வாளியுமாகத் தெருவை ரோந்து சுற்றுவார். "எவன்லே பாட்டில்ல ராக்கெட்டு விடுறவன்?", "ஏ தாயி, பாவாடைய இழுத்துச் சொருகு" என்று ஒருவரையும் நிம்மதியாக ஒரு மத்தாப்புப் பிடிக்க விடமாட்டார். அந்த வருஷம் ஆளைக் காணோம்.

"இந்த வருசம்தான் தீவாளி தீவாளியா இருக்கு" என்றான் பாண்டி. எனக்கும் குஷிதான். அந்த நைலான் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, வேண்டுமென்றே அவர் வாசலுக்கு நேராக நின்று சங்கு சக்கரம் விட்டேன். ஆறு மணிச் சத்தமா? ஆயிரம் சத்தம் கேட்டது. அதில் ஒன்று அவருடையதாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

வெயில் ஏறியபோது பாண்டிக்குத் துணிச்சல் முற்றிவிட்டது. அவர் வீட்டுக்கு எதிரே ஒரு லட்சுமி வெடியை வைத்து, அதன்மேல் டால்டா டப்பாவைக் கவிழ்த்துக் கொளுத்தினான். நாலுபேருடைய சட்டப் புத்தகத்தில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. டப்பா கரண்டுக் கம்பி உயரத்துக்குப் போய் அவர் வாசல்படியிலேயே 'ணங்' என்று விழுந்தது. நாங்கள் காதிலிருந்து விரலை எடுத்துவிட்டுச் சிரித்தபடி அவர் கதவைப் பார்த்தோம். இதோ வருவார், பிரம்போடு வருவார் என்று காத்திருந்தோம்.

கதவு அசையவில்லை.

சிரிப்பு ஒவ்வொரு முகமாக அணைந்தது.

"டப்பா வச்சதுக்குக்கூடவா மாமா வரல?" என்றாள் ஈஸ்வரி.

"காலைல வெடிச்சாரே" என்றான் பாண்டி.

"நீ பாத்தியா?"

"கேட்டேன்."

"எதக் கேட்ட?"

அவன் தெருவைப் பார்த்தான். தெரு முழுவதும் வெடித்த காகிதம் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. நான் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள் இல்லாத கதவு. விடிந்ததிலிருந்து எங்களில் யார் தொட்டிருந்தாலும் திறந்திருக்கும்.

பின்கட்டில் கிடந்தார். தீபாவளிக் குளியலுக்குத் தானே தலையில் நல்லெண்ணெய் வைத்துக்கொண்டிருக்கிறார். கை தவறிக் கிண்ணம் கவிழ்ந்து, அதே எண்ணெயில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்புக்குக் கீழே ஒரு கால் மட்டும் வேறு யாருடையதோ மாதிரித் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. எங்கள் பின்னால் தெருவே திமுதிமுவென்று நுழைய, காய்ந்த உதடு அசைந்தது.

"நாலு பேருக்கு மேல வராதீக."

பாண்டி அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான். நான் குனிந்து அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன், நைலான் சேலையோடுதான். அவர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

"ரெண்டு வெடிச்சேன் புரூப்பு. கேக்கலையா?"

வீட்டுக்குள் சரக்கு வைக்கக் கூடாது என்று வெடி டப்பாவைப் பின்சுவர் மாடத்தில்தான் வைத்திருப்பார். அதுவரை ஊர்ந்து போயிருக்கிறார். மாடத்தின் கீழே இரண்டு குருவி வெடிகளின் காகிதம் பூவாக விரிந்து கிடந்தது.

"கையில புடிச்சுக் கொளுத்தித்தான் எறிஞ்சேன். வேற வழியில்ல. வெளிய சொல்லிராத" என்றார் அவமானத்தோடு.

கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்துத் தூக்கினோம். பாண்டி, மாரி, ஈஸ்வரி, நான். பின்னாலிருந்து இன்னும் பத்துக் கைகள் நீண்டன. "நாலு பேரு போதும்" என்றவர், தான் இருக்கிற கோலத்தைத் தானே பார்த்துக்கொண்டு, "அந்த நாலு பேரு இல்லலே இது. அதுக்கு இன்னும் நாளு கெடக்கு. மெதுவாப் போங்க" என்றார். பாண்டியின் லோடு வண்டியில், காலண்டர்க் கட்டுகளுக்கு நடுவே, மதுரைக்குப் போனோம். கிளம்புவதற்கு முன் நான் அந்தப் போனைச் செய்தேன்.

இடுப்பு எலும்புக்கு ஆபரேஷன். செல்வம் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை நிறுத்தினான்.

"அக்கா, காலைல வெடி கேட்டுச்சா?"

ஒரு தேதியில் ஒரு புள்ளி தப்பினாலும் நாலு பக்கத்தைத் திருப்பி அடிக்கச் சொல்கிறவள் நான். "கேட்டுச்சே. ரெண்டு வெடி. கேட்டுத்தான் ஓடுனோம்" என்றேன்.

"ஆறு மணிக்குக் கேட்டு, பத்து மணிக்குத்தான் ஓடுனீங்களா?"

நான் தரையைப் பார்த்தேன். அவன் கோபப்படவில்லை. "எனக்காகவா பொய் சொல்றீங்க, அவருக்காகவா?" என்று மட்டும் கேட்டான். பேச்சு பேச்சுதான் என்று பெரியவரே கோயம்புத்தூருக்குப் புறப்பட்டார். போகும்போது வாளிகளில் தண்ணீரும் மணலும் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

ஆறு மணி என்பது எங்கள் தெருவில் ஓர் ஓட்டை ஆகிவிட்டது. ஈஸ்வரி வேனைத் தவறவிட்டாள். மாரியின் டீ தாமதமானது. நான் யாரும் கேட்காமலே அந்த நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்து போனை முறைத்தேன். மாசியில் ஒரு நாள் அது அடித்தது.

"புரூப்பு, நான்தான்."

"அண்ணாச்சி! எப்படி இருக்கீக?"

"நடக்கேன். நாலு கால் வச்ச கம்பி ஒண்ணு குடுத்துருக்காக. மருமக நல்ல புள்ள, நேரத்துக்குச் சோறு வச்சுட்டுப் போயிருது. அவன் ஆபீசு, அது ஆபீசு. அப்புறம் பொழுது சாயிற வரைக்கும் நான்தான்." கம்பியைத் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. "ஒரு ரூம்புல நாலு பேருக்கு மேல கூடாதுன்னுதான தாயி சொன்னேன்? ஒத்த ஆளா இருக்கணும்னா சொன்னேன்?"

நான் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. போனைச் செல்வம் வாங்கினான். அவன் குரலும் சரியில்லை.

"அங்க வந்தா யாருக்கா பாத்துக்குவா? எட்டிப் பாக்க விட மாட்டாரே."

எனக்குக் கோபம் வந்தால் மூளை நன்றாக வேலை செய்யும். அன்று என் மேலேயே கோபம். "போர்மேன்கிட்ட கேளு" என்றேன். "வெடி வெடிக்கும்போது தண்ணி வாளியோட ஒரு ஆளு பக்கத்துல நிக்கணுமா, வேண்டாமா?"

செல்வம் அதை அப்படியே அப்பாவிடம் கேட்டான். பிறகு பெரியவர் குரல் தூரத்தில் கேட்டது. "நிக்கணும். வெதி அப்படித்தான்."

பங்குனியில் வந்துவிட்டார். காலையில் வாளியோடு ஒரு நாள் ஈஸ்வரி, ஒரு நாள் மாரி, ஒரு நாள் நான் என்று முறை போட்டுக்கொண்டோம். எண்ணிக்கை எடுக்க அல்ல, தண்ணீர் பிடிக்க. போகிற போக்கில் மாத்திரை விழுங்கினாரா, பின்கட்டில் ஈரம் கிடக்கிறதா என்பதையும் தண்ணீர் பிடிக்கிறவர்கள் பார்த்தால் அதற்கு விதியில் தடையில்லை. எவ்வளவோ சண்டை போட்டேன், மாத்திரைகளை மட்டும் ஒரே அறைக்குக் கொண்டுவர முடியவில்லை. கம்பியைத் தட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றித்தான் போனார்.

மறு தீபாவளி வந்தது. முந்தின நாளே பாண்டி வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டான். "மாமா வெடிக்கிற வரைக்கும் எவனும் திரியத் தொடக் கூடாது." பக்கத்துத் தெருக்கள் விடிவதற்கு முன்பே அதிர்ந்தன. எங்கள் தெரு மட்டும் தலையில் எண்ணெயோடு வாசலில் நின்றது. அவரை நாற்காலியில் உட்காரவைத்து ஈஸ்வரிதான் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டியிருந்தாள்.

ஆறு மணிக்கு வெளியே வந்தார். பருத்தி வேட்டி, ஒரு கையில் கம்பி, மறு கையில் பிரம்பு. பக்கத்தில் ஈஸ்வரி, பாண்டி, வாளியோடு மாரி. அவரோடு சேர்த்தால் நாலு. நான் என் வாசலிலேயே நின்றுகொண்டேன். பருத்திச் சேலைதான் கட்டியிருந்தேன்.

குனிந்து திரியைத் தொட்டார். புகை வந்தது. நின்றது.

அவர் நகரவில்லை. அணைந்த வெடிப் பக்கம் போகக் கூடாது. ஒரு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பின்கட்டில் அவர் எங்களுக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு கிடந்த மாதிரி, இப்போது தெரு முழுவதும் அவருக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றது.

'டப்.'

அவ்வளவுதான் சத்தம். அதற்குத் தெரு போட்ட கூச்சல்தான் பெரிது. பாண்டி சரத்தைக் கொளுத்த ஓடினான். எல்லா வாசலிலிருந்தும் வெடிக்கத் தொடங்கிய அந்த இரைச்சலுக்கு நடுவே அவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"ஏ புரூப்பு! அங்கன என்ன ஒத்தையில நிக்க? இங்கன வா!"

"பாண்டி திரும்பி வந்துட்டா அஞ்சு பேரு ஆயிரும் அண்ணாச்சி!"

அவர் ஒரு நொடி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"ஆவட்டும், வா தாயி."

பிரஸ்ஸில் அத்தனை வருஷத்தில் எனக்குப் பதவி உயர்வு என்று ஒன்று கிடைத்ததே இல்லை. அன்று தெருவைக் கடந்து போய், அந்த மனிதருக்குப் பக்கத்தில் ஐந்தாவது ஆளாக நின்றேன்.